ஆள் அண்டாத பூனைக்கு வீடு பார்ப்பது எப்படி?

தெருவிலிருந்து மீட்ட பூனை சீறுகிறது என்பதாலேயே அதை ஆள் அண்டாத பூனை என்று முடிவு கட்டாதீர்கள். வீட்டில் வளர்ந்து தொலைந்துபோன பூனையும் கூண்டுக்குள் முதல் நாள் அப்படித்தான் சீறும். மூன்று நான்கு நாள் விட்டுப் பாருங்கள். வீட்டில் வளர்ந்தது மெல்ல உங்களைப் பார்த்துக் கத்தும், வாலைத் தூக்கும், நீங்கள் இருக்கும்போதே சாப்பிடும். மனிதக் கையே படாமல் வளர்ந்தது மூலையில் ஒடுங்கிக் கிடக்கும், சத்தமே வராது. வீடு அடங்கிய பிறகுதான் அதன் தட்டு காலியாகும்.

வயதும் முக்கியம். குட்டி மனிதரோடு எளிதாகப் பழகும் பருவம் 2 முதல் 7 வாரம் வரைதான். 8 வாரக் குட்டியைச் சில வாரங்களில் மடிக்குக் கொண்டுவரலாம். 4 மாதம் தாண்டினால் மாதக்கணக்கில் ஆகும். வளர்ந்த பூனை கடைசிவரை தொடவே விடாமல் போகலாம். நல்ல உடல்நிலையில் இருக்கும் அப்படிப்பட்ட பூனைக்கு, கருத்தடை செய்து, பிடித்துவந்த இடத்திலேயே விடுவதுதான் பெரும்பாலும் நல்லது. அந்த இடம் இடிபடுகிறது, அல்லது அங்கே உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் வேறு இடம் தேடுங்கள்.

1. முதலில் கால்நடை மருத்துவர்

கருத்தடை, வெறிநாய்க்கடித் தடுப்பூசி, பூனைகளுக்கான கூட்டுத் தடுப்பூசி, குடற்புழு மருந்து, தெள்ளுப்பூச்சி மருந்து: ஆள் அண்டாத பூனைக்கு இவை எல்லாவற்றையும் ஒரே மயக்கத்தில் முடித்துவிடச் சொல்லுங்கள். அடுத்த முறை அது எளிதில் கையில் சிக்காது. பூனைகளின் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும் எஃப்.ஐ.வி., எஃப்.இ.எல்.வி. என்ற இரண்டு வைரஸ்களுக்கான பரிசோதனையும் அப்போதே செய்யலாம். வீட்டில் வேறு பூனை இருந்தால் 2 வாரம் தனி அறை, தனித் தட்டு.

பூனை உங்களைக் கடித்தாலோ கீறினாலோ சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவரைப் பாருங்கள். பூனைப் பல் ஊசி போல இறங்கும். மேலே புள்ளிதான் தெரியும், உள்ளே சீழ் வைக்கும்.

2. ஒரு சின்ன அறை

பெரிய அறை வேண்டாம். கட்டில், அலமாரி இடுக்குகளை அடைத்துவிட்டு, பக்கவாட்டில் ஓட்டை வெட்டிய அட்டைப்பெட்டி ஒன்று வையுங்கள். ஒளிய இடமில்லாத பூனை சுவரேறும். மலத்தட்டு ஒரு மூலையில், சாப்பாடு எதிர் மூலையில். வெளியிலேயே வாழ்ந்த பூனைக்கு முதல் வாரம் மலத்தட்டில் மண்ணைக் கலந்து போடுங்கள். அதற்குத் தெரிந்தது மண்தான்.

2 நாள் தாண்டியும் எதுவும் தின்னாவிட்டால் காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பட்டினி கிடக்கும் பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே வினையாகும்.

பழக்குவது சாப்பாட்டு நேரத்தில்தான். தரையில் பக்கவாட்டாக உட்காருங்கள். நேராக முறைத்தால் அதற்கு அது சண்டைக்கு அழைப்பு. நீளமான கரண்டியின் நுனியில் ஈரத் தீனி வைத்து நீட்டுங்கள். கழுத்தை நீட்டி நக்கும், பின்வாங்கும், மறுபடி வரும். கண்களை மெதுவாக மூடித் திறங்கள். அதுவும் அப்படியே செய்தால் மறுநாள் கரண்டியை ஒரு சாண் உங்கள் பக்கம் இழுங்கள். பூனை கரண்டிக்கு வந்ததும் தடவக் கை நீட்டுவார்கள் பலர். அந்த ஒரு அவசரத்தில் ஒரு வார உழைப்பு போய்விடும்.

பூனையை வைத்துக் கொண்டுபோகும் பெட்டியான கேரியரை முதல் நாளிலிருந்தே கதவு திறந்தபடி அறையில் விட்டு, அதற்குள்ளேயே சோறு வையுங்கள். கொண்டுபோகும் நாளில் துரத்திப் பிடிக்கும் வேலை மிச்சம்.

3. உள்ளதைச் சொல்லி விளம்பரம்

"பாசமான பூனை" என்று எழுதினால் பத்துப் பேர் கேட்பார்கள். பத்தாம் நாள் பூனை உங்கள் வாசலுக்கே திரும்பும். "தூக்க விடாது, கரண்டியில் சாப்பிடும், மற்றப் பூனைகளோடு ஒத்துப்போகும்" என்று எழுதுங்கள். ஃபிளாஷ் இல்லாத பகல் வெளிச்சப் படம் இரண்டு, தானாகச் சாப்பிடும் வீடியோ ஒன்று போதும்.

கேட்பவரிடம் ஜன்னலுக்கு வலை உண்டா, சின்னக் குழந்தை உண்டா, ஒரு மாதம் ஒரு அறையை ஒதுக்க முடியுமா என்று விசாரியுங்கள். கடைசிக் கேள்விக்குத் தயங்குபவருக்குக் கொடுக்காதீர்கள். ஒத்துவராவிட்டால் உங்களிடமே திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்குங்கள்.

பழகவே பழகாத பூனைக்குத் தோட்டம், கிடங்கு, தொழுவம் பொருந்தும். அங்கேயும் 3 அல்லது 4 வாரம் பெரிய கூண்டில் வைத்துச் சோறு போட்ட பிறகே திறக்க வேண்டும். முன்னாலேயே திறந்தால் பழைய இடத்தைத் தேடிக் கிளம்பிவிடும்.

4. ஒப்படைக்கும் நாள்

கேரியரைத் துணியால் மூடுங்கள், பூட்டை இருமுறை பாருங்கள், புது வீட்டு அறைக் கதவைச் சாத்திய பிறகே திறங்கள். பழைய அறையில் படுத்த துணியைத் துவைக்காமல் கூடவே அனுப்புங்கள்.

தப்பி ஓடிவிட்டால் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு தெருத்தெருவாக அலைய வேண்டாம். முதல் சில நாள் பெரும்பாலும் பக்கத்திலேயே, ஏதாவது படிக்கட்டின் அடியில் பதுங்கிக் கிடக்கும். இரவு ஊர் அடங்கியதும் அது தப்பிய வீட்டு வாசலருகே பொறிக்கூண்டில் மணமான மீன் வைத்து, தூர நின்று கவனியுங்கள்.