மைதானத்தில் பாடும் பாட்டுகளைத் தெரிவு செய்தல்: உதைபந்தாட்ட ஆதரவாளர்களுக்கு ஒரு வழிகாட்டி

யாழ்ப்பாணத்தில் ஒரு சுற்றுப்போட்டியின் இறுதியாட்டம் நெருங்கும்போது, கழக நிர்வாகம் கூட்டம் வைத்துச் சீருடை, வாகனம், வீரர்களின் சாப்பாடு என எல்லாவற்றையும் பேசி முடிக்கும். ஆதரவாளர்கள் என்ன பாடப்போகிறார்கள் என்பது மட்டும் அந்தக் கூட்டத்தில் பேசப்படுவதில்லை. ஆனால் கோல் கணக்கு மறந்துபோன பிறகும் இரண்டு ஊர்களுக்கு இடையே மாறாமல் நிற்கும் கசப்பு, பெரும்பாலும் அன்று பாடப்பட்ட ஒரு வரியில் இருந்துதான் தொடங்கியிருக்கும். ஆகவே மேளம் அடிப்பவர்களுக்கும், முதல் வரியை எடுத்துக் கொடுப்பவர்களுக்கும் பயன்படும் வகையில் இதை எழுதுகிறேன். ஊர்ப்பற்றையும் இனப்பற்றையும் அரசியலையும் பாட்டிலிருந்து அகற்றிவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவை எல்லாவற்றையும் கழித்துவிட்டு மிஞ்சும் பாட்டை எந்தக் கூட்டமும் மனமுவந்து பாடாது. பாட்டு யாரை நோக்கிப் பாடப்படுகிறது என்பதை மைதானத்துக்குப் போகுமுன் பார்த்துவிட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

ஆட்டத்துக்கு ஒரு வாரத்துக்கு முன்னராவது சனசமூக நிலையத்தில் கூடி, வழக்கமாகப் பாடும் பாட்டுகள் அனைத்தையும் ஒரு கொப்பியில் முழுமையாக எழுதுங்கள். பாட்டின் பெயரை மட்டும் குறித்தால் போதாது. மேள அடிக்கும் பாடலுக்கும் இடையில் உள்ள வெற்றிடங்களையும் குறிக்க வேண்டும். எங்கள் பக்கத்துப் பாட்டுகளில் ஒரு வரி முடிந்ததும் மேளம் இரண்டு அடி தனியாகப் போகும். அந்த இரண்டு அடிக்குள் கூட்டம் ஒரு சொல்லைச் செருகும். கொப்பியில் எழுதும்போது பாட்டு எந்தக் குற்றமும் இல்லாததாகத் தெரியும். மைதானத்தில் அந்த இடைவெளிக்குள் விழும் சொல்தான் எதிர்ப்பக்கத்துக்குக் கேட்கும். ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், செல்ரிக் கழக ஆதரவாளர்கள் பாடும் ‘அதென்றை வயல்கள்’ என்ற பாட்டுக்கும் இதே கதி நேர்ந்தது. பாட்டின் மூல வரிகளில் எந்த இயக்கத்தின் பெயரும் கிடையாது. வரிகளுக்கு இடையிலான மூச்சுவிடும் நேரத்தில் ஆதரவாளர்களில் ஒரு பகுதியினர், பிரித்தானிய ஆட்சிக்கு எதிராக ஆயுதமேந்திய ஐரிஷ் குடியரசுப் படையின் பெயரைச் செருகிக் கத்தினார்கள். பிறகு பாட்டைப் பற்றிய விவாதம் எல்லாம் அந்தச் செருகலைப் பற்றிய விவாதமாகிப் போனது.

அடுத்து, எழுதிய ஒவ்வொரு பாட்டையும் எடுத்து வைத்து, இது எங்கள் கதையைச் சொல்கிறதா, அல்லது எதிரே நிற்பவரின் கதையை எடுத்து அவர் முகத்தில் எறிகிறதா என்று கேளுங்கள். இந்த வேறுபாட்டைப் புரியவைக்க கிளாஸ்கோவை விடத் தெளிவான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. செல்ரிக் கழகம் 1887இல், நகரின் கிழக்குப் பகுதியில் வறுமையில் வாடிய ஐரிஷ் கத்தோலிக்கக் குடியேறிகளுக்கு உதவிப்பணம் திரட்டும் நோக்கத்தோடு, வோல்ஃபிரிட் என்ற துறவியின் முயற்சியால் தோன்றியது. அதற்குப் பதினைந்து ஆண்டுகள் மூத்த றேஞ்சர்ஸ் கழகம் காலப்போக்கில் புரட்டஸ்தாந்து, பிரித்தானிய விசுவாசத்தின் அடையாளமாக மாறியது. 1989இல் மோ ஜோன்ஸ்ரன் ஒப்பந்தம் செய்யப்படும் வரை, கத்தோலிக்கர் என்று அறியப்பட்ட முன்னணி வீரர் எவரையும் சேர்ப்பதில்லை என்ற எழுதப்படாத வழக்கம் பல தசாப்தங்கள் அங்கே நிலவியது. இந்த இரு பக்கங்களும் 1845இல் தொடங்கிய அயர்லாந்தின் பெரும் பஞ்சத்தைப் பற்றிப் பாடுகின்றன. ஏறத்தாழ பத்து இலட்சம் பேர் இறந்து, அதைவிடக் கூடுதலானோர் கப்பலேறிய பஞ்சம் அது. ‘அதென்றை வயல்கள்’, பசித்த பிள்ளைக்காகத் தானியம் திருடி நாடு கடத்தப்படும் ஒருவனையும் சிறைச்சுவருக்கு வெளியே நிற்கும் அவன் மனைவியையும் பற்றியது. அதில் எதிரணி ஆதரவாளர்களைக் குறிவைக்கும் சொல் இல்லை. ஆகையால்தான் அதை லிவர்பூல் ஆதரவாளர்களும் தங்களுக்கு ஏற்ப மாற்றிப் பாடுகிறார்கள், அயர்லாந்தின் றக்பி இரசிகர்களும் பாடுகிறார்கள். றேஞ்சர்ஸ் ஆதரவாளர்களில் சிலர் பாடிய மற்றைய பாட்டோ, பஞ்சம்தான் முடிந்துவிட்டதே, ஏன் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை என்று அந்தக் குடியேறிகளின் பேரப்பிள்ளைகளைக் கேட்டது. 2009இல் எடின்பரோ உயர் நீதிமன்றம் அந்தப் பாட்டு இனவெறித் தன்மை கொண்டது என்று தீர்ப்பளித்தது. இரண்டின் பொருளும் ஒரே பஞ்சம். ஒன்று தன் இறந்தவர்களை நினைக்கிறது, மற்றையது பிறருடைய இறந்தவர்களை வைத்து விளையாடுகிறது.

எங்கள் ஊர்களில் இந்தக் கேள்வியைக் கேட்டால் முதலில் அகப்படுவது தேசம் தொடர்பான பாட்டாக இருக்காது; தொழிலையும் சாதியையும் தொடும் பாட்டாகவே இருக்கும். எதிரணி எந்த ஊர், அந்த ஊரார் என்ன தொழில் செய்தார்கள், எந்தக் கோயிலுக்குள் விடப்படவில்லை என்பதையெல்லாம் நேராகச் சொல்லாமல், மீனின் மணம் என்றும், பனையின் பெயர் சொல்லியும், போரின்போது எங்கே போய் இருந்தார்கள் என்று கேட்டும் சுற்றிவளைத்துச் சொல்லும் வரிகளை எல்லோரும் கேட்டிருக்கிறோம். இவற்றைப் பகிடி என்று சொல்லி விட்டுவிடுவது வழக்கம். நான் அப்படி விடமாட்டேன். கொப்பியில் அவ்வாறான வரி இருந்தால் மாற்றுச் சொல் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். முழுப் பாட்டையும் எடுத்துவிடுங்கள், ஏனென்றால் மெட்டைக் கேட்டவுடனேயே கூட்டத்துக்குப் பழைய வரி நினைவுக்கு வந்துவிடும்.

மெட்டையும் தனியாகப் பார்க்க வேண்டிய தேவை இதனால்தான் எழுகிறது. றேஞ்சர்ஸ் ஆதரவாளர்களின் ‘பில்லிப் பையன்கள்’ என்ற பாட்டு, 1865இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் முடிவில் எழுந்த ஓர் அணிவகுப்புப் பாட்டின் மெட்டில் அமைந்தது; 1920கள், 1930களில் கிளாஸ்கோவின் ஒரு தெருச்சண்டைக் கும்பல் அந்த மெட்டில் கத்தோலிக்கரின் இரத்தத்தைப் பற்றிய வரிகளை ஏற்றியது. 2006இல் ஐரோப்பிய உதைபந்தாட்டச் சம்மேளனத்தின் ஒழுங்குக் குழு, அந்தப் பாட்டு ஸ்கொட்லாந்தின் சமூக, வரலாற்றுச் சூழலில் நெடுங்காலமாகப் பொறுத்துக்கொள்ளப்பட்டு வந்தது என்பதால் தண்டிக்க முதலில் மறுத்தது. மேன்முறையீட்டின் பின்னரே கழகத்துக்கு அபராதம் விதிக்கப்பட்டது. அப்போதும் பழக்கம் விட்டபாடில்லை. 2019இல் இனபேதப் பாட்டுகளுக்காக றேஞ்சர்ஸ் அரங்கின் 3,000 இருக்கைகள் ஓர் ஆட்டத்துக்கு மூடப்பட்டன. பழகிய பாட்டு என்பது தீங்கற்ற பாட்டு ஆகிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. எங்கள் பிள்ளைகள் பெரும்பாலும் சினிமா மெட்டுகளையே எடுக்கிறார்கள்; அதில் சிக்கல் குறைவு.

போர்க்கால எழுச்சிப் பாடல்களின் மெட்டை எடுக்கும்போதுதான் நின்று யோசிக்க வேண்டும். அந்தப் பாடல்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அவை பிள்ளைகளைப் பறிகொடுத்த வீடுகளின் துக்கத்தோடு கலந்தவை. ஒரு தண்டனை உதையைத் தவறவிட்ட எதிரணி வீரனை நக்கலடிப்பதற்கு அந்த மெட்டு பயன்படுவதை என்னால் ஏற்க முடியவில்லை. நினைவுகூரும் நாளுக்கும் இடத்துக்கும் உரியதை அங்கேயே மரியாதையோடு வைத்திருப்பது நல்லது. இன்னொன்றும் உண்டு. ஒலிபெருக்கியைக் கையில் வைத்திருப்பவர் தனக்காக மட்டும் முடிவெடுப்பதில்லை. பின்னால் நின்று பாடுபவர்களில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளும் இருப்பார்கள். 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் எத்தனை இளைஞர்கள் விசாரணையின்றி நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்தார்கள் என்பது இந்த மண்ணுக்குத் தெரியும். யாரோ கைத்தொலைபேசியில் எடுத்த காணொளியில் தெரியப்போவது அந்தப் பிள்ளைகளின் முகங்கள்தான்.

தேசிய கீதம் இசைக்கப்படும் ஆட்டமாக இருந்தால், அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். மைதானம் அரசுக்குச் செய்தி சொல்லும் இடமாக மாறுவது புதிதல்ல. 1925 ஜூன் 14 அன்று பார்சலோனாவின் அரங்கில், ஸ்பானிய அரச கீதத்தைக் கூச்சலிட்டு மறித்த கூட்டம், அங்கு வந்திருந்த பிரித்தானிய வாத்தியக் குழு தன் நாட்டுக் கீதத்தை இசைத்தபோது கைதட்டியது. சர்வாதிகாரி பிறிமோ டி ரிவேராவின் ஆட்சி அரங்கை மூட உத்தரவிட்டது, கழகத்தை நிறுவிய ஹன்ஸ் கம்பர் தலைமைப் பதவியை விட்டு விலக நேர்ந்தது. அந்தப் பகுதி மக்களின் கற்றலன் மொழிக்கு வேறு பொது இடங்கள் மறுக்கப்பட்டிருந்த காலம் அது என்பதைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்தக் கூச்சல் விளங்கும். எங்களுக்கும் இதில் சொல்ல ஒரு குறை இருக்கிறது. ‘நமோ நமோ தாயே’ 2016 பெப்ரவரி 4 அன்று கொழும்பின் சுதந்திர தின விழாவில் தமிழில் பாடப்பட்டது. 2020இல் அந்த விழாவில் தமிழில் பாடப்படவில்லை. இந்த வருத்தத்தைக் கூச்சலாக வெளியிட்டால் மறுநாள் கூச்சல் மட்டுமே செய்தியாகும். அதற்குப் பதிலாக, கீதத்தைத் தமிழில் இசைக்குமாறு ஏற்பாட்டாளர்களுக்குக் கழகத்தின் கடிதத் தலைப்பில் முன்னதாகவே எழுத்தில் கேளுங்கள். எது இசைத்தாலும் மேளங்களை நிலத்தில் வைத்துவிட்டு அமைதியாக நில்லுங்கள். மேளம் தோளில் இருந்தால் யாராவது ஒருவர் தட்டிவிடுவார்.

தடை போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நிர்வாகத்தில் ஒருவர் நிச்சயம் சொல்வார். ஸ்கொட்லாந்து அதையும் செய்து பார்த்தது. உதைபந்தாட்டத்தோடு தொடர்புபட்ட புண்படுத்தும் நடத்தையைக் குற்றமாக்கும் சட்டம் 2012இல் நடைமுறைக்கு வந்தது. எது புண்படுத்தும் பாட்டு என்பதைத் தெளிவாக வரையறுக்காமல் இரசிகர்களை மட்டும் குறிவைக்கிறது என்று ஆதரவாளர்களும் சட்டத்தரணிகளும் எதிர்த்தார்கள். 2018இல் நாடாளுமன்றம் 62க்கு 60 என்ற வாக்குகளில் அதை நீக்கியது. வட அயர்லாந்தில் நடந்தது வேறு. 2002இல் தேசிய அணிக்குத் தலைமை தாங்கவிருந்த கத்தோலிக்க வீரர் நீல் லெனன் கொலை மிரட்டலால் சர்வதேச ஆட்டத்தையே கைவிட்டார். ஆதரவாளர் சங்கங்களில் இருந்தவர்கள் அதற்கு முன்பே தொடங்கியிருந்த வேலையை அதன் பிறகு இன்னும் அழுத்திச் செய்தார்கள்: மதபேதப் பாட்டு கேட்கத் தொடங்கியவுடன் வேறொரு பாட்டை அதைவிட உரக்க எழுப்பினார்கள், பிரித்தானியக் கொடியின் சிவப்பு, வெள்ளை, நீலத்தை விட்டு அணியின் பச்சை நிறத்தை அணியுமாறு எல்லோரையும் கேட்டார்கள். 2006இல் அவர்களுக்கு இதற்காக ஐரோப்பிய அளவிலான ஆதரவாளர் விருது கிடைத்தது. ஒரு பாட்டை மைதானத்திலிருந்து வெளியேற்ற, அதைவிடப் பாடச் சுகமான இன்னொரு பாட்டு கையில் இருக்க வேண்டும்.

ஆகவே புதுப்பாட்டு கட்டுங்கள். உங்கள் ஊரின் குளம், தேவாலயம், வைரவர் கோயில், அழிந்து மீண்டும் கட்டிய பள்ளிக்கூடம், இடம்பெயர்ந்து திரும்பி வந்து பற்றைக்காடாகக் கிடந்த மைதானத்தைத் துப்புரவாக்கிய கதை ஆகியவை போதும். வரி குறுகியதாக இருக்கட்டும், நாலு சொல்லுக்கு மேல் போனால் பின்வரிசைக்குப் பிடிபடாது. முன்பு சொன்ன அந்த இரண்டு அடி இடைவெளியை வெறுமையாக விடாமல், உங்கள் கழகத்தின் பெயரையே அதற்குள் நிரப்பிப் பழக்குங்கள். நிரம்பிய இடத்தில் வேறு சொல்லைச் செருக முடியாது.

ஆட்ட நாளில் எதிரணியின் ஆதரவாளர்களை வழிநடத்துபவரை ஆட்டத்துக்கு முன்பே தேடிப்போய்ப் பேசிவிடுங்கள். “அண்ணை, உங்கட பெடியள் பாடுற அந்தக் கடைசி வரியை இண்டைக்கு விடச் சொல்லுங்கோ, நாங்களும் எங்கட ரெண்டு பாட்டை எடுக்கேல்லை” என்று நேராகக் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். உங்கள் பக்கத்தில் யாராவது தவறான வரியை எடுத்தால் அவரோடு வாதாடப் போக வேண்டாம். மேளத்தை நிறுத்தச் செய்யுங்கள், அடி இல்லாமல் பாட்டு அடுத்த வரிக்குப் போகாது. அப்படியும் நிற்காவிட்டால் நடுவரிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள். ஆட்டத்தை நிறுத்தி அறிவித்தல் கொடுப்பது, பின் சற்று நேரம் இடைநிறுத்துவது, கடைசியாகக் கைவிடுவது என்ற மூன்று படிகள் சர்வதேச ஆட்டங்களில் இத்தகைய நேரங்களுக்காகவே வகுக்கப்பட்டுள்ளன. உள்ளூர் நடுவரும் முதற் படியை எடுக்கலாம்.

பாட்டினால் போர் வருமா என்று ஒருவர் கேட்கலாம். 1990 மே 13 அன்று சாக்ரெப்பில் டினாமோ அணிக்கும் பெல்கிரேட்டின் செந்நட்சத்திர அணிக்கும் இடையிலான ஆட்டம் கலவரத்தில் முடிந்ததைத்தான் யூகோஸ்லாவியப் போரின் தொடக்கம் என்று பலர் எழுதுகிறார்கள். அது மிகைப்படுத்தல், போருக்கான முடிவுகள் வேறு இடங்களில் எடுக்கப்பட்டன. ஆனால் பெல்கிரேட் ஆதரவாளர்களை வழிநடத்திய ஆர்கன் என்பவர், பின்னர் தன் துணைப்படைக்கு ஆள் சேர்த்தது அதே கூட்டத்திலிருந்துதான். ஒன்றாகப் பாடிப் பழகிய இளைஞர்களை வேறொருவர் வேறொரு வேலைக்கு எடுத்துக்கொண்டு போகலாம் என்பதற்காகவே, முதல் வரியை எடுத்துக் கொடுக்கும் இடத்தில் யாரை நிறுத்துகிறீர்கள் என்பதைக் கவனமாகத் தீர்மானியுங்கள். குரல் பெரிதாக இருப்பது மட்டும் அதற்குத் தகுதி ஆகாது.

வென்றுவிட்டால் ஊர்வலத்துக்கான வழியை நிர்வாகம் முன்கூட்டியே குறித்துத் தர வேண்டும். தோற்ற ஊரின் ஊடாகப் போகாமல் வேறு வீதியால் வர முடியுமானால் சுற்றானாலும் அதால் வாருங்கள். வேறு வழி இல்லையென்றால், அந்த ஊரின் எல்லையில் வாகனத்தை நிறுத்தி மேளக்காரரை லொறியிலிருந்து இறக்கி வேறொரு வாகனத்தில் முன்னே அனுப்பிவிடுங்கள். வெடியையும் உங்கள் ஊர் மதகு தாண்டிய பிறகே கொளுத்துங்கள்.