டீனேஜ் பிள்ளைகளோடு ஷாங்காய்க்கு ஆறு நாள்: புதுச்சேரியிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

பீஜிங், ஷாங்காய், சியான், முடிந்தால் குவாங்சோ, எல்லாம் ஏழே நாளில் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறீர்களா? முதலில் அந்தத் தாளைக் கிழித்துப் போடுங்கள். நானும் அப்படித்தான் எழுதினேன். பதினாறு வயது மகள் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல தூங்கறது எப்பம்மா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பதின்மூன்று வயதுக்காரன் அதைக்கூடக் கேட்கவில்லை, "நான் பாட்டி வீட்டுலயே இருக்கேன்" என்றுவிட்டான்.

அதனால் ஒரே ஊர். ஐந்து அல்லது ஆறு இரவு. பக்கத்தில் ஒரு நாள் போய்வர ஒரு இடம். அவ்வளவுதான். பீஜிங்குக்கும் ஷாங்காய்க்கும் இடையே 1,318 கிலோமீட்டர், அதிவேக ரயில் நாலரை மணி நேரத்தில் கொண்டுபோய் விட்டுவிடும், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அறையைக் காலி செய்வது, பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஸ்டேஷன் போவது, பை சோதனை, புது ஊரில் புது அறை தேடுவது என்று ஒரு முழு நாள் கரைந்துவிடும். பிள்ளைகள் சின்ன வயதில் இருந்தால் தூக்கிக்கொண்டு ஓடலாம். இந்த வயதில் ஓட வைத்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், அதற்கப்புறம் சீனப் பெருஞ்சுவரே எதிரில் வந்து நின்றாலும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள்.

பெருஞ்சுவர் பார்த்தே ஆகவேண்டும் என்கிறவர்கள் பீஜிங்கைத் தேர்ந்தெடுங்கள், தப்பே இல்லை. பாதாலிங் பக்கம் கூட்டம் நெரியும், முத்தியான்யூ போங்கள். அங்கே சுவரிலிருந்து கீழே இறங்க வளைந்து வளைந்து போகும் சறுக்கு வண்டி இருக்கிறது, பிள்ளைகளுக்கு அது ஒன்றே போதும். பழைய அரண்மனைக்கு ஏழு நாள் முன்னதாக ஆன்லைனில் பாஸ்போர்ட் எண் கொடுத்து டிக்கெட் எடுக்கவேண்டும், திங்கட்கிழமை மூடியிருக்கும். நான் ஷாங்காயை எடுத்தேன், இனி சொல்வதெல்லாம் அதை வைத்துத்தான்.

எப்போது போவது? நம் காலாண்டு லீவும் ஆயுதபூஜையும் சில வருஷம் சேர்ந்து வரும் அக்டோபர் முதல் வாரம் வேண்டவே வேண்டாம். அக்டோபர் 1 அவர்களுடைய தேசிய நாள், அன்று தொடங்கி ஒரு வாரம் நாடே பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிடும். மே முதல் தேதியை ஒட்டிய லீவும் சீனப் புத்தாண்டும் இதே கதை. பொங்கல் லீவில் போனால் குளிர் பூஜ்ஜியத்தை ஒட்டி வரும், ஸ்வெட்டரே இல்லாத கடலூர், புதுச்சேரி வீடுகளுக்கு அது தனிச் செலவு. ஜூன் பாதிக்குமேல் மழை. பரீட்சை முடிந்த ஏப்ரல் பின்பாதி அருமை, மே நடுவாரங்களும் பரவாயில்லை.

அடுத்தது பாஸ்போர்ட். பெரியவர்களுடையது பத்து வருஷம் ஓடும், பிள்ளைகளுடையது பொதுவாக ஐந்து வருஷம்தான் என்பது பலருக்கு விசாவுக்குக் கிளம்பும்போதுதான் ஞாபகம் வரும். ஆறு மாதத்துக்குக் குறையாமல் கெடு இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். இந்திய பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டாயம். பல நாட்டவருக்கு வழியில் இறங்கி 240 மணி நேரம் விசா இல்லாமல் தங்க அனுமதி உண்டு என்று வீடியோக்களில் சொல்வார்கள், அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை. சென்னையில் சீனத் தூதரக அலுவலகம் கிடையாது, அதனால் பெரும்பாலானவர்கள் ஏஜென்ட் மூலமாகத்தான் அனுப்புகிறார்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் நகல், ஹோட்டல் முன்பதிவு, போக வர டிக்கெட் எல்லாம் வைக்கவேண்டும். ரத்து செய்தால் பணம் திரும்பும் ஹோட்டலாகவே போடுங்கள். கிளம்புவதற்கு ஒன்றரை மாதம் முன்னால் வேலையைத் தொடங்கினால் நிம்மதி.

புதுச்சேரிக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. சொல்தா குடும்பங்களில், அதாவது பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்களில், அப்பாவுக்கும் பிள்ளைகளுக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட், அம்மாவுக்கு இந்திய பாஸ்போர்ட் என்று கலந்து இருக்கும். 2023 டிசம்பரிலிருந்து பிரெஞ்சு பாஸ்போர்ட்காரர்களைச் சீனா விசா இல்லாமல் விடுகிறது, இப்போது 30 நாள்வரை தங்கலாம். அந்தச் சலுகையை அவ்வப்போது நீட்டித்துக்கொண்டுதான் வருகிறார்கள், அதனால் டிக்கெட் போடும் முன் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள். "எங்க வீட்ல எல்லாருக்கும் ஃப்ரீ" என்று அம்மாவை மறந்துவிட்டு டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.

விமானம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சென்னையிலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், பாங்காக், ஹாங்காங் என்று ஏதாவது ஒரு ஊரில் மாறிப் போகலாம். இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். தனித்தனியாக எடுத்தால் ஐந்தாயிரம் மிச்சமாகும், முதல் விமானம் தாமதமானால் மொத்தமும் போய்விடும். அங்கே நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால், அதனால் முதல் நாள் காலையில் பிள்ளைகளை எழுப்பப் படாத பாடு படுவீர்கள். அன்றைக்கு எந்தத் திட்டமும் வைக்காதீர்கள்.

இனி வருவதுதான் முக்கியமானது, அதாவது போன். சீனாவில் வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம், யூடியூப், கூகுள் எதுவும் அங்குள்ள இணைப்பில் திறக்காது, ஹோட்டல் வைஃபையிலும் திறக்காது. பதினாறு வயதுப் பெண்ணிடம் இதை விமான நிலையத்தில் வைத்துச் சொல்லாதீர்கள், ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். இதற்குச் சுலபமான வழி, கிளம்பும் முன்பே வெளிநாட்டு ஈசிம் அல்லது நம் நம்பருக்கே ரோமிங் போட்டுக்கொள்வது. அந்த டேட்டா சீனாவுக்கு வெளியே சுற்றி வருவதால் எல்லாம் வேலை செய்யும். நம் சிம்மைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். கார்டில் பணம் கட்டும்போது பேங்க் ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வரும்.

யூபிஐ அங்கே செல்லாது. ஆனால் யூபிஐ பழகிய நமக்கு அலிபே ஒரு நாளில் பழகிவிடும், அதே க்யூஆர், அதே டிங் சத்தம். பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்து, வெளிநாட்டில் பயன்படுத்த அனுமதி போட்ட விசா அல்லது மாஸ்டர் கார்டை இணைக்கவேண்டும். இதை வீட்டில் உட்கார்ந்து செய்யுங்கள், அங்கே போய் டாக்சிக்காரர் காத்திருக்கும்போது செய்யாதீர்கள். ஒரு தடவைக்கு 200 யுவானுக்கு மேல் போனால் 3 சதவீதம் கட்டணம் பிடிப்பார்கள், அதற்குள் என்றால் இல்லை. அதனால் பெரிய பில்லுக்கு மட்டும் யோசியுங்கள். ஒரு யுவான் சுமார் 13 ரூபாய். டிடி டாக்சி, மெட்ரோ க்யூஆர் எல்லாம் அலிபேக்குள்ளேயே இருக்கிறது. அங்குள்ளவர்களின் சாட்டிங் ஆப்பான வீசாட் 2020லிருந்து இந்தியாவில் தடை, அது இல்லாமலே சமாளிக்கலாம்.

பிள்ளைகளுக்குத் தனியாக அலிபே வைப்பது கஷ்டம். ஆளுக்கு 200 யுவான் சில்லறை நோட்டாகக் கொடுத்துவிடுங்கள். கூடவே ஹோட்டல் பெயரும் முகவரியும் சீன எழுத்தில் உள்ள அட்டை ஒன்று ஆளுக்கு ஒன்று. ரிசப்ஷனில் கேட்டாலே தருவார்கள்.

வழி பார்க்க கூகுள் மேப்பை நம்பவேண்டாம், அங்கே அது இடம் தள்ளித் தள்ளிக் காட்டும். ஐபோனில் உள்ள மேப் நன்றாக வேலை செய்கிறது, ஆண்ட்ராய்டுக்கு ஆமேப் போட்டுக்கொள்ளுங்கள். மொழிபெயர்ப்பு ஆப்பில் சீன மொழியை ஆஃப்லைனுக்கு இறக்கி வையுங்கள். இந்த வேலைகளை முழுக்கப் பெரியவளிடம் விட்டுவிட்டேன். நான் செய்திருந்தால் மூன்று நாள் ஆகியிருக்கும், அவள் அரை மணியில் முடித்துவிட்டு எனக்குப் பாடமும் எடுத்தாள்.

தங்கும் இடம் மெட்ரோவை ஒட்டி இருக்கவேண்டும். பீப்பிள்ஸ் ஸ்கொயர் ஸ்டேஷனில் 1, 2, 8 என்று மூன்று பாதைகள் சேர்கின்றன, அதற்கு நடக்கும் தூரத்தில் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள். நான்கு பேரை ஒரே அறையில் பல ஹோட்டல்கள் ஏற்பதில்லை. பிள்ளைகளின் வயதைச் சொல்லியே பதிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் நடுராத்திரி கவுண்டரில் நின்று பேசிக்கொண்டிருக்கவேண்டும். அறை எண்ணிக்கையைப் பொறுத்தவரை என் அனுபவம்: இரண்டு சின்ன அறைகள், ஒரு பெரிய அறையைவிட மேல். அம்மா ஒரு அறை, அக்கா தம்பி சண்டை போட இன்னொரு அறை.

நாள் திட்டத்துக்கு நான் வைத்த விதி ஒன்றே ஒன்றுதான். ஒரு நாள் மகளுடையது, ஒரு நாள் மகனுடையது, ஒரு நாள் என்னுடையது, மிச்சம் பொது. அவரவர் நாளில் அவரவர் சொல்வதுதான் சட்டம், மற்றவர்கள் முணுமுணுக்கக்கூடாது. வழி, டிக்கெட், சாப்பாடு எல்லாம் அந்த நாளின் சொந்தக்காரர் பொறுப்பு. வழி தவறினாலும் சரி, நான் வாயைத் திறக்கவில்லை (ஒரு தடவை திறந்தேன், உடனே அபராதமாக ஐஸ்கிரீம் வாங்கவேண்டியதாயிற்று).

மகன் தன் நாளுக்கு எடுத்தது வேகம். விமான நிலையத்திலிருந்து லோங்யாங் ரோடுவரை ஓடும் மேக்லெவ் ரயில், சக்கரம் தண்டவாளத்தைத் தொடாமல் காந்தத்தில் மிதந்து போவது. முன்பு மணிக்கு 431 கிலோமீட்டர் ஓடியது, இப்போது 300தான். 30 கிலோமீட்டரை எட்டு நிமிஷத்தில் முடித்துவிடும், டிக்கெட் 50 யுவான், அன்றைய விமான டிக்கெட்டைக் காட்டினால் 40. வந்து இறங்கும் அன்றே இதில் ஏறிவிட்டால் தனியாகத் திரும்பி வரவேண்டியதில்லை. அப்புறம் 632 மீட்டர் ஷாங்காய் டவர், 118ஆம் மாடியிலிருந்து பார்த்தால் பக்கத்துக் கட்டடங்களின் மொட்டைமாடி கீழே தெரிகிறது. மேகமூட்டமான நாளில் ஏறாதீர்கள், காசு வீண்.

மகள் நாஞ்ஜிங் ரோட்டில் உள்ள பைலியான் இசட்எக்ஸ் மாலுக்குக் கூட்டிப்போனாள். மாடி மாடியாக அனிமே பொம்மைகள், காசு போட்டால் உருண்டை விழும் மெஷின்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் ஒரு மூலையில் உட்கார இடம் கிடைத்தது. டிஸ்னிலேண்டும் இருக்கிறது, 2016இல் திறந்தது. ஒரு முழு நாளும் கணிசமான பணமும் போகும், வார நாளில் மட்டும் போங்கள். நாங்கள் அதை விட்டுவிட்டு அறிவியல் பைத்தியமான சின்னவனுக்காக லின்காங் பக்கம் உள்ள வானியல் அருங்காட்சியகத்துக்குப் போனோம். மெட்ரோவிலேயே ரொம்ப தூரம், ஆனாலும் போகலாம்.

என் நாள் பழைய பிரெஞ்சுப் பகுதி. 1849இல் பிரெஞ்சுக்காரர்கள் சலுகையாகப் பெற்று நூறு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக வைத்திருந்த இடம். வூகாங் ரோட்டில் நடக்கும்போது நம் வெள்ளைக்காரத் தெருக்களின் ஞாபகம் வராமல் இருக்காது, மஞ்சள் சுவரும் காகிதப்பூவும் மட்டும் இருக்காது. இரவு ஆற்றங்கரை பண்ட் போகவேண்டும். நம் பீச் ரோட்டில் கடலுக்குப் பதில் எதிரே விளக்குக் கோபுரங்களை நிறுத்தியது மாதிரி. பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார்கள். சொகுசுப் படகு டிக்கெட்டுக்கு நூறு யுவானுக்குமேல் கேட்பார்கள். எதிர்க்கரைக்குப் போகும் சாதாரணப் பயணிகள் படகுக்கு இரண்டே யுவான், அதே ஆறு, அதே விளக்கு.

வெளியூருக்கு ஒரு நாள் என்றால் சூச்சோ. ரயிலில் அரை மணி, பழைய தோட்டங்களும் கால்வாய்களும் உண்டு. ரயில் டிக்கெட் 15 நாள் முன்னால் திறக்கும், எல்லாருடைய பாஸ்போர்ட் எண்ணும் வேண்டும், ஸ்டேஷனுக்கு அசல் பாஸ்போர்ட்டையே கொண்டுபோங்கள். ஸ்டேஷனிலும் மெட்ரோவிலும் ஒவ்வொரு தடவையும் பை சோதனை உண்டு. சின்னவனின் பெரிய பாடி ஸ்ப்ரே ரயில் நிலையத்தில் போயே போய்விட்டது. 120 மில்லிக்குமேல் உள்ள ஸ்ப்ரே ரயிலில் ஏறாது. உள்நாட்டு விமானத்தில் போவதாக இருந்தால் இன்னொன்று: சீனாவின் 3சி பாதுகாப்பு முத்திரை இல்லாத பவர் பேங்கை 2025 ஜூன் 28இலிருந்து விடுவதில்லை.

சாப்பாடு. அசைவம் சாப்பிடும் பிள்ளைகளுக்குக் கவலையே இல்லை, மேஜையிலேயே கொதிக்கும் சாற்றில் போட்டு வேகவைத்துச் சாப்பிடும் ஹாட்பாட் கடையில் விட்டால் இரண்டு மணி நேரம் சத்தம் வராது. பன்றி இறைச்சி கூடாது என்கிறவர்கள் லான்சோ நூடுல்ஸ் கடைகளைத் தேடுங்கள், பெரும்பாலும் முஸ்லிம்கள் நடத்துவது. சைவக்காரர்கள் பாடு கொஞ்சம் திண்டாட்டம். கீரை கேட்டால் கீரைதான் வரும், ஆனால் மேலே கொத்துக்கறி தூவியிருக்கும், இல்லாவிட்டால் சிப்பி சாஸ் ஊற்றியிருக்கும். "வோ ச்சர் சூ", அதாவது நான் சைவம் என்று சொல்வதைவிட, என்னென்ன சாப்பிட மாட்டீர்கள் என்று சீன எழுத்தில் போனில் காட்டுவதே பலிக்கிறது. நாஞ்ஜிங் மேற்கு ரோட்டில் கோங்தலின் என்று 1922இல் தொடங்கிய சைவ உணவகம் இருக்கிறது, ஒரு வேளை நிம்மதியாக உட்காரலாம். முட்டை சேர்ப்பவர்களுக்குத் தக்காளி முட்டைப் பொரியல் எங்கும் கிடைக்கும்.

புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, உடனடி உப்புமா பாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள், அறையில் கெட்டில் இருக்கும். கறி ஊறுகாய், பால்கோவா, பழம் எல்லாம் சுங்கத்தில் தடை. பொதுக் கழிப்பறையில் தண்ணீரும் இருக்காது, பல இடங்களில் காகிதமும் இருக்காது. டிஷ்யூ ஒரு பாக்கெட், மடக்கும் கப் ஒன்று எப்போதும் பையில்.

பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்கள் அந்த நாட்டில் ஆன்லைன் கேம் ஆட வெள்ளி, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் மட்டும், அதுவும் இரவு எட்டு முதல் ஒன்பது வரை ஒரு மணி நேரம்தான் அனுமதி. 2021லிருந்து இதுதான் விதி. இதை ரயிலில் சும்மா பேச்சுவாக்கில் சொல்லி வையுங்கள், என் மகன் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும்.

திரும்பும் விமானம் சென்னைக்கு நடுராத்திரியோ விடியற்காலையோ வந்து சேரும். காரை முன்பே சொல்லி வையுங்கள், அன்றைக்கு ட்யூஷன் வைக்காதீர்கள். ஈசிஆரில் மாமல்லபுரம் தாண்டி ஒரு சின்னக் கடையில் நிறுத்தினோம். சின்னவன் பேசாமல் ஒன்பது இட்லி சாப்பிட்டான்.