ஒரே எழுத்து மாறினால்: கொப்பியில் எழுதிப் பார்க்கும் டெலோமரேஸ் பாடம்

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். உறவினருக்குத் துணையாகத் தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய்வந்த மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்: "சேர், அந்தப் புற்றுநோய்க் கலங்கள் ஏன் சாவதில்லை?" விடையின் பெரும்பகுதியை ஆய்வுகூடம் இல்லாமலே கண்டுபிடிக்கலாம். சதுரக் கோடுபோட்ட கொப்பி, பென்சில், சிவப்புப் பேனை இருந்தால் போதும்.

டி.என்.ஏ.யின் நான்கு எழுத்துகளை அ (அடினின்), தை (தைமின்), கு (குவானின்), சை (சைற்றோசின்) என்று குறித்துக்கொள்ளுங்கள்.

படி 1: நுனியை எழுதுங்கள்

தை தை அ கு கு கு என்ற ஆறு எழுத்துகளை ஒரே வரியில் பலமுறை எழுதுங்கள். நம் நிறமூர்த்தங்களின் நுனிகளில் இந்தத் தொடர்தான் ஆயிரக்கணக்கான முறை வருகிறது. அதுவே டெலோமியர். இனி வலப்பக்க நுனியிலிருந்து எழுத்துகளை அழியுங்கள். உண்மையான கலத்தில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஏறத்தாழ 50 முதல் 100 எழுத்துகள் குறைகின்றன. கண்ணாடித் தட்டில் வளரும் மனிதக் கலங்கள் ஏறக்குறைய 50 தடவை பிரிந்தபின் நின்றுவிடுவதை லெனார்ட் ஹேஃப்லிக் 1961இல் வெளியிட்டார். நுனி தேய்வதே அதற்குக் காரணம் என்பது பின்னர் தெரியவந்தது. கட்டுக்கடங்காமல் பிரியப் பார்க்கும் கலத்துக்கு உடல் வைத்திருக்கும் தடை இது.

படி 2: தேய்ந்ததை நிரப்பும் நொதியம்

1984இல் கரோல் கிரைடரும் எலிசபெத் பிளாக்பேர்னும் டெட்ராஹைமினா என்ற ஒருகல உயிரில் டெலோமரேஸைக் கண்டார்கள். 2009இல் ஜாக் ஷோஸ்டாக்குடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்கள். இந்த நொதியத்தில் அச்சாக உதவும் ஆர்.என்.ஏ. ஒன்றும், அதைப் பார்த்து எழுத்துகளைச் சேர்க்கும் டெர்ட் என்ற புரதமும் உண்டு. ஆர்.என்.ஏ. பெரும்பாலான கலங்களில் இருக்கிறது, இல்லாதது டெர்ட். அதன் பரம்பரையலகு 5ஆம் நிறமூர்த்தத்தில், நம் உடற்கலங்களில் பெரும்பாலானவற்றில் அடைத்தே கிடக்கிறது.

படி 3: துருசு எங்கே?

இரணைமடுக் குளத்தில் எவ்வளவு நீர் இருந்தாலும் துருசு திறக்காமல் வாய்க்காலில் நீர் வராது. பரம்பரையலகுக்கு முன்னால் இருக்கும் ஊக்கிப் பகுதியின் வேலையும் அதுவே. இந்தப் பகுதி புரதத்தின் அமைப்பைச் சொல்வதில்லை. எப்போது, எவ்வளவு புரதம் உருவாக வேண்டும் என்பதையே தீர்மானிக்கிறது. டெர்ட்டின் ஊக்கியிலிருந்து இரண்டு துண்டுகளை எழுதுங்கள்:

சை சை சை சை சை தை சை சை கு கு கு
சை சை சை சை தை சை சை சை கு கு கு

முதல் வரியின் ஐந்தாவது எழுத்தைச் சிவப்பில் "தை" ஆக்குங்கள். இரண்டாவதில் ஆறாவது எழுத்தை. இப்போது இரண்டு வரிகளையும் ஒப்பிடுங்கள். அவசரப்படாமல் பாருங்கள்: இரண்டும் ஒன்றாகிவிட்டன.

சை சை சை சை தை தை சை சை கு கு கு

22 எழுத்துத் தூரத்தில் இருக்கும் இரண்டு இடங்கள், தனித்தனி விகாரங்கள், விளைவு ஒன்றே. 2013இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் இதைக் கண்டறிந்தபோது எல்லோரையும் நிமிர்ந்து உட்கார வைத்தது இந்த ஒற்றுமைதான். தற்செயல் என்றால் இப்படி அமையாது.

படி 4: எதிர் இழையை வாசியுங்கள்

தை தை சை சை கு கு என்ற ஆறு எழுத்துகளுக்கும் சோடி எழுதி (அ–தை, கு–சை), வலமிருந்து இடமாக வாசியுங்கள். சை சை கு கு அ அ என்று வரும். இது பரம்பரையலகுகளின் இயக்கத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.டி.எஸ். குடும்பப் புரதங்கள் வந்து பற்றிக்கொள்ளும் இடம். விகாரத்துக்கு முன் அது அங்கே இல்லை. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஜி.ஏ.பி.பி. என்ற புரதம் புதிய இடத்தில் அமர, துருசு திறக்கிறது, டெர்ட் உருவாகிறது, நுனிகள் மறுபடி நிரப்பப்படுகின்றன. இரண்டு 5ஆம் நிறமூர்த்தங்களில் ஒன்றில் மாறினாலே போதும்.

படி 5: எல்லையைக் குறித்துக்கொள்ளுங்கள்

புற்றுநோய்களில் 85–90 சதவீதமானவற்றில் டெலோமரேஸ் இயங்குகிறது. ஆனால் அவை எல்லாமே இந்த எழுத்து மாற்றத்தால் அல்ல. மெலனோமா, கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைக்கட்டி, சிறுநீர்ப்பை, கல்லீரல் புற்றுநோய்களில் இது அடிக்கடி வரும். வாய்ப் புற்றுநோய்களிலும் ஒரு பகுதியில் உண்டு. வயலில் நாள் முழுதும் புகையிலையோடு வெற்றிலை மெல்லும் நம் ஊர்களில் அதை மறந்துவிட வேண்டாம். தோலில் இந்த மாற்றத்துக்கு வெயிலின் புறஊதாக் கதிர்களைக் காரணமாகச் சொல்லலாம். மூளைக்குள் வெயில் படுவதில்லை. ஆனாலும் அங்கே மாறுவது அதே எழுத்து.

இன்னொன்று. இந்த விகாரம் மட்டும் புற்றுநோயை உண்டாக்காது; பிரிவைத் தூண்டும் வேறு விகாரங்களும் சேர வேண்டும். இவை அநேகமாக வாழ்நாளில் ஒரு கலத்தில் தோன்றுபவை, பெற்றோரிடமிருந்து வருபவை அல்ல. நோயாளியின் பிள்ளைகளைத் திருமணப் பேச்சில் ஒதுக்குவோருக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். அப்படி ஒதுக்குவது அநியாயம்.

பயிற்சி: படி 3இன் பழைய வரிகளை மீண்டும் எழுதுங்கள். ஒவ்வொரு "சை"யையும், ஒரு நேரத்தில் ஒன்று என்ற கணக்கில், "தை" ஆக்கிப் பாருங்கள். தை தை சை சை கு கு எத்தனை முறை கிடைக்கிறது? வரிக்கு ஒருமுறைக்கு மேல் வந்தால் எங்கோ எழுத்துப் பிழை; திரும்ப எண்ணுங்கள்.