குடும்பத்தோடு கேம்பிங்: எதை முதலில் வாங்குவது, எதைத் தள்ளிப்போடுவது

கேம்பிங் சாமான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாங்கினால் அதில் பாதி தப்பாகத்தான் அமையும். எவ்வளவு பெரிய டென்ட் வேண்டும், எவ்வளவு கனமான மெத்தை வேண்டும், சமையல் எந்த அளவுக்கு நடக்கும் என்பதெல்லாம் பிள்ளைகளோடு ஓரிரு இரவு வெளியே படுத்துப் பார்த்தால்தான் பிடிபடும். ஒவ்வொரு பயணமும் அடுத்து என்ன வாங்கலாம் என்று காட்டிக்கொடுக்கும். அதுவரை பணத்தைக் கையில் வைத்திருங்கள்.

வரிசை தெரியாதவர்களுக்கு ஒரே அளவுகோல்: தூக்கத்தைக் கெடுப்பதை முதலில் சரிசெய்யுங்கள். சாப்பாடு சுமாராக இருந்தால் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். இரவு முழுக்கக் குளிரில் நடுங்கினால் அடுத்த தடவை கிளம்பவே மாட்டார்கள்.

முதல் பயணத்துக்கு

ஒரே ஒரு இரவு. வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் இடம், கழிப்பறையும் குடிநீரும் உள்ள முகாம். நள்ளிரவில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டுத் திரும்பக்கூடிய தூரமாக இருக்க வேண்டும். கனமழை வரும் என்று வானிலை அறிக்கை சொன்னால் தள்ளிப்போடுங்கள். முதல் தடவையே வீரம் காட்ட வேண்டியதில்லை.

டென்டை இரவல் கேளுங்கள், இல்லையென்றால் வாடகைக்கு எடுங்கள். காரில் போவதால் எடையைப் பற்றிக் கவலை இல்லை; வீட்டுப் போர்வை, தலையணை, பழைய மெத்தை எல்லாம் போகட்டும். சமையலுக்கு வீட்டிலிருந்தே ஒரு பெரிய பாத்திரம், மூடி, ஒரு வாணலி, கத்தி, பலகை போதும். கேம்பிங் பாத்திர செட் என்று விற்பவை பெரும்பாலும் மெல்லிய தகடு. நடுவில் அடிப்பிடிக்கும், ஓரத்தில் வேகாது. நடைப்பயணத்தில் முதுகில் சுமப்பவர்களுக்குத்தான் அது தேவை.

இந்தக் கட்டத்திலேயே சொந்தமாக வாங்க வேண்டியவை மூன்று. முதலாவது, ஆளுக்கொரு ஹெட்லாம்ப், அதாவது தலையில் மாட்டிக்கொள்ளும் விளக்கு. பிள்ளைகளுக்கும்தான், ஏனென்றால் ஒரே டார்ச்சை நான்கு பேர் கேட்டால் சண்டைதான் மிஞ்சும். கண் கூசாத சிவப்பு வெளிச்சமும் அதில் இருந்தால் இரவில் ஒருவர் எழும்போது மற்றவர்கள் விழிக்க மாட்டார்கள். இரண்டாவது, முதலுதவிப் பெட்டி: கட்டுத்துணி, பிளாஸ்டர், கிருமிநாசினி, முள் எடுக்கும் இடுக்கி, உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடி, வீட்டார் வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகள். மூன்றாவது, தரையில் விரிக்கும் மேட்.

தரைக்கும் முதுகுக்கும் நடுவே

இந்த இடத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். உடம்புச் சூட்டை இரவு முழுக்கத் தரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மேலே எத்தனை கம்பளி போர்த்தினாலும் அதை நிறுத்த முடியாது; கீழே விரித்த கம்பளியும் உடல் எடையில் நசுங்கிவிடுவதால் பயனில்லை.

மேட்டின் காப்புத் திறனை ஆர்-மதிப்பு என்ற எண்ணால் குறிப்பார்கள். வெப்பமான இரவுகளுக்கு 1 முதல் 2 வரை போதும். குளிர்ந்த இரவுகளுக்கு 2 முதல் 4. உறைநிலையை நெருங்கினால் 4-க்கு மேல். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு மேட் போட்டால் மதிப்புகளைக் கூட்டிக்கொள்ளலாம். எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி அளப்பதில்லை. ஏஎஸ்டிஎம் எஃப்3340 என்ற பொதுவான சோதனை முறையில் சோதித்தது என்று போட்டிருந்தால்தான் இரண்டு மேட்டுகளை ஒப்பிட முடியும்.

காற்றடிக்கும் கனமான இரட்டைப் படுக்கையைப் பார்த்து ஏமாறாதீர்கள். உள்ளே காப்புப் பொருள் எதுவும் இல்லையென்றால் அந்தப் பெரிய காலியிடத்தில் காற்று சுழன்று சூட்டைத் தரைக்குக் கொண்டுபோய்விடும். ஒருவர் புரண்டால் இன்னொருவர் துள்ளுவார் என்பது தனிக்கதை. விடிகாலையில் அது தொய்ந்து கிடந்தால் உடனே ஓட்டை என்று முடிவுகட்ட வேண்டாம். குளிர்ந்ததும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். படுக்கும் முன் இன்னொரு முறை காற்றடித்தால் சரியாகிவிடும். அப்படியும் தொய்ந்தால்தான் ஓட்டை தேட வேண்டும்: நன்றாக ஊதி, சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வரும் இடத்தைப் பேனாவால் வட்டமிடுங்கள். காற்றை முழுக்க வெளியேற்றி, அந்த இடத்தை ஸ்பிரிட்டால் துடைத்துக் காயவிட்ட பிறகு ஒட்டுங்கள். ஈரத்திலோ காற்று நிறைந்திருக்கும்போதோ ஒட்டினால் ஓரம் பெயர்ந்துவிடும்.

பிள்ளைகளுக்கு மடக்கும் வகை ஃபோம் மேட்டே போதும். ஆர்-மதிப்பு 2-ஐ ஒட்டித்தான் இருக்கும், ஆனால் குத்தினாலும் குதித்தாலும் ஒன்றும் ஆகாது. பகலில் உட்காரவும் உதவும்.

ஸ்லீப்பிங் பேக் அடுத்தது. வெப்பமான இரவுகளில் மட்டும் போகிறீர்கள் என்றால் அது வேண்டவே வேண்டாம், போர்வை போதும். வாங்கும்போது உறையில் மூன்று வெப்பநிலைகள் இருக்கும்: கம்ஃபர்ட் (நிம்மதியாகத் தூங்கலாம்), லிமிட் (சுருண்டு படுத்துச் சமாளிக்கலாம்), எக்ஸ்ட்ரீம். கொட்டை எழுத்தில் போட்டிருப்பது பல சமயம் லிமிட்தான். நீங்கள் பார்க்க வேண்டியது கம்ஃபர்ட். எக்ஸ்ட்ரீம் என்பது தூங்குவதற்கான எண்ணே அல்ல, உயிர் பிழைப்பதற்கானது. எதிர்பார்க்கும் குளிரைவிட 5 டிகிரி குறைவான கம்ஃபர்ட் உள்ளதாக எடுங்கள். பெரியவர்களுக்கானதில் குழந்தையைப் படுக்கவைத்தால் காலுக்குக் கீழே காலியாக இருக்கும் இடத்தையும் குழந்தையின் உடம்புதான் சூடாக்க வேண்டும். அந்தப் பகுதியை மடித்து அடியில் செருகுங்கள், அல்லது கயிற்றால் கட்டிவிடுங்கள்.

டென்ட்

இரண்டு மூன்று முறை இரவல் டென்டில் படுத்த பிறகு வாங்குங்கள். அட்டையில் 4 பேர் என்று போட்டிருந்தால் நான்கு பேரைத் தோளோடு தோள் இடிக்க அடுக்கலாம் என்று பொருள். பைக்கும் செருப்புக்கும் இடம் இருக்காது. கணக்கு எளிது: 60 சென்டிமீட்டர் அகல மேட் நான்கு போட்டாலே 240 சென்டிமீட்டர் ஆகிவிடும். ஆகவே தலைக்கணக்கோடு இரண்டு பேரைக் கூட்டி, நான்கு பேருக்கு 6 பேர் டென்டாகப் பாருங்கள். அதற்கு மேல் பெரிதாக்கினால் முகாமில் விரிக்க இடம் கிடைக்காது, காற்றுக்கும் ஆடும். நிமிர்ந்து நிற்கும் உயரமுள்ள டென்டில் பிள்ளைகளுக்கு உடை மாற்றுவது சுலபம்தான். திறந்தவெளியில் பலத்த காற்றடித்தால் அதே உயரம் வினையாகும்.

மேல்துணி தரைவரை இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். உச்சியில் தொப்பி மாதிரி மட்டும் போட்டிருக்கும் டென்ட் சாய்ந்தடிக்கும் மழையில் நனையும். நீர்தாங்கும் திறனை, அதாவது எவ்வளவு உயரத் தண்ணீரின் அழுத்தத்தைத் துணி கசியாமல் தாங்கும் என்பதை, மில்லிமீட்டரில் தருவார்கள். மேல்துணிக்கு 1500 முதல் 3000 வரை இருந்தால் போதும். அடித்தளத்துக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும், ஏனென்றால் ஈரத்தரையின்மேல் முழங்கால் ஊன்றும் இடத்தில் தண்ணீர் அழுத்தத்தோடு ஏறும். வாசல் இரண்டு இருந்தால் கழிப்பறைக்குப் போகிறவர் எல்லோரையும் மிதித்துக்கொண்டு போக வேண்டியிருக்காது. கம்பி ஃபைபர்கிளாஸ் என்றால் விலை குறைவு, ஆனால் நீளவாக்கில் பிளந்து சிலாம்பு குத்தும். அலுமினியம் பெரும்பாலும் வளையும். வளைந்த இடத்தின்மேல் உறைக்குழாய் என்ற சிறு குழாயை மாட்டிச் சமாளிக்கலாம்.

வாங்கி வந்ததும் வீட்டிலேயே ஒருமுறை கட்டிப் பாருங்கள். கம்பிகளையும் முளைகளையும் எண்ணுங்கள். ரப்பர் குழாயால் கால் மணி நேரம் தண்ணீர் பீய்ச்சி, உள்ளே போய்த் தையல்களைத் தடவிப் பாருங்கள். கசிந்தால் தையல் பசை பூச வேண்டும். சிலிக்கோன் பூசிய துணிக்குச் சிலிக்கோன் பசை, பாலியூரித்தேன் பூசியதற்கு அதற்குரியது. மாற்றிப் பூசினால் காய்ந்ததும் உரிந்துவரும்.

காலையில் உள்சுவர் ஈரமாக இருந்தால் ஒழுகுகிறது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகும் முன் யோசியுங்கள். நான்கு பேர் இரவு முழுக்க விடும் மூச்சின் ஈரம்தான் அது. மழை பெய்தாலும் காற்றோட்டத் திறப்புகளை மூடக் கூடாது.

அடியில் கூடுதல் விரிப்பு போடுவதாக இருந்தால், எல்லாப் பக்கமும் டென்டின் அடித்தளத்தைவிட 5 சென்டிமீட்டராவது உள்ளே அடங்கியிருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மேலிருந்து வடியும் மழைநீர் விரிப்பில் தேங்கி நேராக உங்கள் அடிக்குத்தான் வரும்.

டென்டோடு வரும் மெல்லிய கம்பி முளைகள் கெட்டித் தரையில் வளைந்துவிடும். குறுக்குவெட்டு ஒய் வடிவில் உள்ள அலுமினிய முளைகள் ஒரு டஜன் வாங்கிவையுங்கள். தலை டென்டைவிட்டு விலகிச் சாய்ந்திருக்கும்படி அடியுங்கள். மணலில் எந்த முளையும் நிற்காது; ஒரு பையில் மணல் நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழங்கை ஆழத்துக்குப் புதைத்துவிட்டால் அசையாது. கயிறுகளில் வெள்ளைத் துணித்துண்டு கட்டிவிடுங்கள், ஓடும் பிள்ளைகள் தடுக்கி விழாமல் இருக்க.

தார்ப்பாய்

டென்டுக்கு அடுத்து வாங்க வேண்டியது நாற்காலி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். தார்ப்பாய்தான். மழை வந்தால் டென்டுக்குள் எல்லோரும் அடைந்து கிடக்க வேண்டிய நிலையை மாற்றுவது இது ஒன்றுதான். சுமார் 3×4 மீட்டர், ஓரங்களில் வலுவான வளையங்கள், பத்து மீட்டர் கயிறு நான்கு. மரம் இல்லாத இடத்துக்கு இரண்டு கம்பங்கள்.

கட்டும்போது ஒரு மூலையை வேண்டுமென்றே தாழ்த்துங்கள். சமமாகக் கட்டினால் நடுவில் குழி விழும்; அதில் 20 லிட்டர் தேங்கினால் 20 கிலோ. கயிறு அறுந்தால் மொத்தமும் சாப்பிடுகிறவர் தலையில் கொட்டும்.

அடுப்பு, தண்ணீர், ஐஸ் பெட்டி

கேஸ் கேனிஸ்டரின் (சின்ன கேஸ் டப்பாவின்) உச்சியில் திருகும் சின்ன அடுப்பு இரண்டு பேருக்கு டீ போடச் சரி. நான்கு பேர் பாத்திரத்தை அதன்மேல் ஏற்றினால் கவிழும். தாழ்வாக, அகலக் காலோடு, குழாய் வழியாக கேஸ் வரும் அடுப்பாகவோ இரட்டை பர்னராகவோ வாங்குங்கள். கேனிஸ்டரில் அடைக்கும் பியூட்டேன் வாயு −0.5 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் நன்றாக ஆவியாகும். அதனால் குளிரில் தீ மங்கிவிடும். புரொப்பேன் −42 டிகிரியிலும் ஆவியாகும் என்பதால் குளிர்ந்த இடங்களுக்கு இரண்டும் கலந்த கேனிஸ்டர் நல்லது.

கேனிஸ்டர் பக்கவாட்டில் உள்ளே உட்காரும் தட்டை அடுப்பில், கேனிஸ்டருக்கு மேல்வரை நீளும் அகலமான தோசைக்கல்லையோ பாத்திரத்தையோ வைக்காதீர்கள். சூடு திரும்பி கேனிஸ்டரில் இறங்கும், வெடிக்கக்கூடும். உச்சியில் மாட்டும் அடுப்பைச் சுற்றிக் காற்றுத்தடுப்பை முழுதாக வளைப்பதும் அதே ஆபத்துதான். இணைப்பில் கசிவு இருக்கிறதா என்பதைச் சோப்புத் தண்ணீரால் பாருங்கள், தீக்குச்சியால் அல்ல.

எந்த அடுப்பையும் டென்டுக்குள் எரிக்காதீர்கள். குளிர்காய்வதற்கென்று அணையும் நிலையில் உள்ள கரிக்கனலை உள்ளே கொண்டுவருவது இன்னும் மோசம். அவற்றிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவர் விழிக்காமலே போய்விடுவார்.

தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர், கழுவத் தனி. ஒரே 20 லிட்டர் கேனைவிட இரண்டு 10 லிட்டர் கேன்கள் மேல். பெரிய பிள்ளைகளும் ஒரு கை கொடுக்க முடியும். ஐஸ் பெட்டியை முதல் நாளே குளிர்வித்து வையுங்கள். சின்னக் கட்டிகளைவிடப் பெரிய பாளம் நெடுநேரம் தாங்கும். தண்ணீர் பாட்டில்களை உறையவைத்து எடுத்துப் போனால் உருகியதும் குடிக்கலாம். குளிர்பானத்துக்கும் உணவுக்கும் தனித்தனிப் பெட்டி இருந்தால் நல்லது, ஏனென்றால் பானப் பெட்டியைப் பிள்ளைகள் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறப்பார்கள்.

நாற்காலி, மேசை எல்லாம் இதற்குப் பிறகு. கையால் இயக்கும் துணி துவைக்கும் கருவி, விசிறி பொருத்திய விளக்கு, பல வேலை செய்யும் கரண்டி இவற்றை யாராவது பரிசாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெட்டியும் பராமரிப்பும்

மூடியுள்ள 50-60 லிட்டர் பெட்டிகள் இரண்டு. ஒன்றில் சமையல், இன்னொன்றில் விளக்கு, கயிறு, பழுதுபார்க்கும் சாமான். பழுதுபார்ப்புக்குக் கம்பி உறைக்குழாய், வலுவான ஒட்டுநாடா, ஊசிநூல், தையல் பசை, மூன்று மில்லிமீட்டர் கயிறு, உபரி முளைகள். காரில் டென்டையும் தார்ப்பாயையும் கடைசியாக ஏற்றுங்கள். இறங்கியதும் முதலில் தேவைப்படுவது அவைதான்.

திரும்பியதும் சாமானை மூன்று குவியலாகப் பிரியுங்கள்: தினமும் எடுத்தவை, ஒருமுறை எடுத்தவை, தொடாதவை. தொடாத குவியலில் முதலுதவியும் பழுதுபார்ப்பும் தவிர மற்றவை அடுத்த முறை வீட்டில் தங்கட்டும். ‘இது இருந்திருந்தால்’ என்று இரண்டு பயணங்களில் தொடர்ந்து தோன்றிய பொருள்தான் அடுத்து வாங்க வேண்டியது; ஒரு தடவை மட்டும் தோன்றியதை விட்டுவிடுங்கள்.

டென்டை ஈரத்தோடு மடித்துக் கொண்டுவந்தால் மறுநாளே விரித்து உலர்த்துங்கள். துணி காய்ந்திருந்தாலும் தையலும் ஓரப் பட்டையும் ஈரமாகவே இருக்கும். விரலால் அழுத்திப் பார்த்த பிறகே மடியுங்கள். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும், உள்பூச்சு பிசுபிசுத்துப் புளித்த நாற்றம் அடிக்கும். அந்தப் பூச்சு ஒருமுறை போனால் போனதுதான். ஸ்லீப்பிங் பேக்கைச் சின்னப் பையில் அமுக்கி மாதக்கணக்கில் வைக்காமல் தளர்வான பெரிய துணிப்பையில் போடுங்கள். ஹெட்லாம்ப் பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள். கேஸ் கேனிஸ்டரைச் சூடேறும் காரிலோ வெயில் படும் மாடியறையிலோ வைக்க வேண்டாம்.