கம்யூனிட்டி காலேஜிலிருந்து நடனப் பட்டத்துக்கு: கலிபோர்னியாவில் மாறும் வழி

கலிபோர்னியாவில் முதல் இரண்டு வருடத்தைக் கம்யூனிட்டி காலேஜில் படித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவது பலரும் போகும் பாதை. செலவும் குறையும். ஆனால் நடனத்துக்கு யூனிட்டும் (வகுப்புக்குக் கிடைக்கும் கிரெடிட்) மதிப்பெண்ணும் மட்டும் போதாது. ஆடியும் காட்ட வேண்டும். பலர் இதை ஆடிஷன் தேதி வந்த பிறகுதான் யோசிக்கிறார்கள்.

படி 1: எங்கே போவது என்பதை முதல் செமஸ்டரிலேயே ஓரளவு முடிவு செய்யுங்கள். யூசி (கலிபோர்னியா பல்கலைக்கழகம்) இர்வைன் வளாகத்தின் நடனத் துறையை 1965இல் தொடங்கி நடத்தியவர் யூஜின் லோரிங் என்ற பாலே கலைஞர். இன்றும் அங்கே பாலேவுக்கு எடை அதிகம். யூசியின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகமான யூசிஎல்ஏவில் நடனத்தோடு உலகக் கலை, பண்பாட்டுப் படிப்பும் ஒரே துறைக்குள் வரும். இரண்டுக்கும் ஒரே மாதிரித் தயாராக முடியாது.

படி 2: அசிஸ்ட் டாட் ஆர்க் தளத்தில் உங்கள் காலேஜ், போகும் பல்கலைக்கழகம், பாடம் மூன்றையும் தேர்ந்தெடுங்கள். எந்த வகுப்பு எதற்கு ஈடாகும் என்று காட்டும். நடன வகுப்பு உடற்கல்வித் துறையின் பெயரில் இருந்தால் உஷார்: உடற்கல்விப் பயிற்சி வகுப்புகளுக்கு யூசி மொத்தமே 4 செமஸ்டர் யூனிட்தான் தரும்.

படி 3: பொதுப் பாடங்கள். யூசிக்கு மாறக் குறைந்தது 60 செமஸ்டர் யூனிட், கலிபோர்னியாவாசிகளுக்கு 2.4 ஜிபிஏ (சராசரி மதிப்பெண்) வேண்டும். காலேஜ் ஆலோசகர் கால்ஜெட்சி என்ற பொதுப் பாடப் பட்டியலைத் தருவார், அதன்படி போனால் சரி.

படி 4: டெக்னிக், அதாவது பாலே, மாடர்ன் (நவீன நடனம்) போன்ற ஆட்டப் பயிற்சி. கஷ்டம் இங்கேதான். காலேஜில் ஒரே வகை நடன வகுப்புகளில் நான்கு முறைதான் சேர முடியும். அதனால் பாலேவை முதல் வருடத்திலேயே தீர்த்துவிடாதீர்கள். செமஸ்டருக்கு ஒன்றாகப் பிரித்து, கோடை விடுமுறையில் வெளி ஸ்டுடியோவில் தொடருங்கள். மாடர்னுக்கும் அப்படியே. பரதநாட்டிய அரங்கேற்றம் முடித்தவர்களுக்கு ஒரு வார்த்தை: அரைமண்டி பழகிய இடுப்பு பாலேவுக்கு உதவும், முழங்காலை நீட்டி நிற்கத்தான் நாள் பிடிக்கும்.

படி 5: அக்டோபர் 1 முதல் யூசி விண்ணப்பத்தை அனுப்பலாம், நவம்பர் கடைசிக்குள் முடித்துவிடுங்கள். அத்தோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். நடனத் துறையின் தனி விண்ணப்பத்துக்கும் ஆடிஷனுக்கும் வேறு தேதி உண்டு. வீடியோ கேட்டால் தலை முதல் பாதம் வரை தெரியும்படி எடுங்கள். பாவாடையோ தொளதொள பேன்ட்டோ வேண்டாம், முழங்கால் தெரிய வேண்டும்.

படி 6: இடம் கிடைத்தாலும் டெக்னிக்கில் உங்களைக் கீழ்நிலை வகுப்பில் போட வாய்ப்பு உண்டு. அப்படியானால் மிச்சமுள்ள இரண்டு வருடம் மூன்றாகும். யூசியில் சேர்வதை உறுதி செய்ய ஜூன் 1 வரை நேரம் இருக்கிறது. அதற்குள் துறை ஆலோசகருக்கு எழுதி, எந்த நிலையில் தொடங்குவீர்கள், எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டுவிடுங்கள். வீட்டு வாடகைக்கு முன்பணம் கட்டுவது அதற்கு அப்புறம்.