டான்சில் எடுத்த பிள்ளை தூங்கும்போது தொண்டையைப் பாருங்கள்

டான்சில் ஆபரேஷன் முடிந்த பிள்ளை அழாமல் தூங்குகிறதே என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். தூக்கத்திலேயே அடிக்கடி எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தால், உள்ளே ரத்தம் கசிகிறது என்று சந்தேகப்பட வேண்டும். வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாது, எல்லாம் வயிற்றுக்குள் போய்விடும். உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள். டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்ப்பார், நாடியும் பார்ப்பார். மல்லாக்கப் போடாமல் ஒருக்களித்துப் படுக்க வைக்கச் சொல்வதும், ரத்தமோ வாந்தியோ மூச்சுக்குழாய்க்குள் போகாமல் இருக்கத்தான்.

முதல் 24 மணி நேரம் தாண்டிவிட்டால் எல்லாம் சரி என்பதில்லை. தொண்டையில் வெள்ளையாகப் படிந்திருக்கும் பொருக்கு (அது சீழ் அல்ல, பயம் வேண்டாம்) உதிரும்போது, 5 முதல் 10 நாளுக்குள் மறுபடி ரத்தம் வரலாம். கொஞ்சம்தானே என்று வீட்டில் உட்கார்ந்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுங்கள்.

குடிக்க இளநீர், ஆறிய பால், கஞ்சி கொடுக்கலாம். ரோஸ்மில்க், மாதுளை ஜூஸ் மட்டும் வேண்டாம். வாந்தி எடுத்தால் ரத்தமா ஜூஸா என்று தெரியாமல் பதறுவோம். அப்புறம், பிள்ளை காது வலிக்கிறது என்று சொல்லும். பெரும்பாலும் அது தொண்டை வலிதான், ஒரே நரம்பு வழியாகக் காதில் தெரிகிறது.