ஒரு குக்கர், ஒரு தோசைக்கல்: 50 ரூபாய்க்குள் இரண்டு பேருக்கு சூப்பும் சான்ட்விச்சும்

சாயங்காலம் ஆறரை மணி ஆனால் எங்கள் வியாசர்பாடியில் தெருமுனைக்குத் தெருமுனை சூப் வண்டி வந்துவிடும். மிளகு வாசனையும் ஆவியும் தூரத்திலேயே ஆளை இழுக்கும். ஒரு கப் குடித்தால் உடம்பு லேசாகும், பசி மட்டும் அடங்காது. பக்கத்தில் பேக்கரியில் ஒரு சான்ட்விச்சும் சேர்த்து, கூட ஒருவர் இருந்தால் நூறு ரூபாய் நோட்டு காலி. மாதக் கடைசியில் அது தாங்காது.

இந்தப் பதிவு அடுப்புப் பக்கமே போகாதவர்களுக்காக எழுதுவது. மணலி, எண்ணூர் பக்கம் ஷிப்ட் முடித்து ரூமுக்கு வருகிறவர்கள், ஹாஸ்டலை விட்டு வெளியே தங்கியிருக்கும் பிள்ளைகள், தனியாக இருக்கும் பெரியவர்கள் எல்லோரும் செய்யலாம். வேண்டியது ஒரு 3 லிட்டர் குக்கர், ஒரு தோசைக்கல், ஒரு மத்து. சூப் பாக்கெட், டோஸ்டர், சோளமாவு எதுவும் வேண்டாம்.

முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சூப்புக்கு ஒரு முறை, சான்ட்விச்சுக்கு ஒரு முறை என்று இரண்டு தடவை குக்கர் வைக்காதீர்கள். சூப்புக்குப் பருப்பு வேகும்போதே சான்ட்விச்சுக்கான கிழங்கும் அதே தண்ணீரில் வெந்துவிடும். கிழங்கிலிருந்து இறங்கும் மாவு சூப்பைக் கெட்டியாக்கும், பருப்பின் ருசி கிழங்கில் ஏறும். கேஸும் மிச்சம்.

வாங்க வேண்டியவை

இரண்டு பேருக்கு: துவரம்பருப்பு 50 கிராம் (ஒரு சின்னக் கை நிறைய), நடுத்தர உருளைக்கிழங்கு 2, கேரட் 1, தக்காளி 1, வெங்காயம் 1, பூண்டு 6 பல், பச்சை மிளகாய் 3, எலுமிச்சம்பழம் 1, கொத்தமல்லி ஒரு சின்னக் கட்டு, பொட்டுக்கடலை 2 ஸ்பூன், பிரெட் 6 ஸ்லைஸ். மிளகு, சீரகம், மஞ்சள்தூள், உப்பு, எண்ணெய் வீட்டில் இருக்கும்.

ரேஷன் கார்டு இருந்தால் பருப்பைப் பற்றிக் கவலையே இல்லை. கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கும் பருப்பில் 50 கிராம் என்றால் ஒன்றரை ரூபாய்தான். சில மாதம் துவரைக்குப் பதிலாக கனடா மஞ்சள் பருப்பு போடுவார்கள். முகத்தைச் சுளிக்காமல் வாங்கி வையுங்கள், சாம்பாருக்கு எப்படியோ, இந்த சூப்புக்கு நன்றாகவே கரையும். கார்டு இல்லாதவர்கள் கடையில் வாங்கினாலும் 50 கிராம் 10 ரூபாயைத் தாண்டாது.

காய்கறியை ராத்திரி எட்டு மணிக்கு மேல் தள்ளுவண்டியில் வாங்குங்கள். அந்த நேரத்தில் எடை போட மாட்டார்கள், கூறு கட்டி வைத்திருப்பார்கள். நான் வழக்கமாக வாங்கும் அக்கா, வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்புகிற நேரமாகப் பார்த்துக் கூப்பிடுவார்: “கடசி கூறு பா, பத்து ரூவா குடுத்துட்டு அள்ளிக்கோ.” அதில் இரண்டு தக்காளி அமுங்கியிருக்கும். சூப்புக்கு அமுங்கிய தக்காளிதான் நல்லது, நன்றாகப் பழுத்திருக்கும். பூஞ்சை பிடித்தது, தண்ணீர் வடிவது இவற்றை மட்டும் ஒதுக்கிவிடுங்கள்.

படி 1: குக்கர்

பருப்பைக் கழுவி அரை மணி நேரம் ஊற வையுங்கள். ரேஷன் பருப்பு கொஞ்சம் பழையதாக இருக்கும், ஊறவில்லை என்றால் எத்தனை விசில் விட்டாலும் நறுக்கென்று நிற்கும். அது ஊறும் நேரத்தில் உருளைக்கிழங்கைத் தோல் சீவி இரண்டாக வெட்டுங்கள். கேரட்டை முழுசாகவே போடலாம்.

குக்கரில் பருப்பு, கிழங்கு, கேரட், பூண்டு, கால் ஸ்பூன் மஞ்சள்தூள், 3 டம்ளர் தண்ணீர், அதன் மேல் நாலு சொட்டு எண்ணெய். இந்த எண்ணெய்க்குக் காரணம் இருக்கிறது: பருப்பு வேகும்போது நுரை கட்டும், அந்த நுரை விசில் வழியாக அடுப்பெல்லாம் சிதறும். எண்ணெய் நுரையை அடக்கும். குக்கரில் பாதிக்கு மேல் எப்போதும் நிரப்பாதீர்கள். மூடி, நாலு விசில் வந்ததும் அணைத்துவிடுங்கள். விசிலைத் தூக்கி ஆவியை வெளியேற்றாமல், பிரஷர் தானாக அடங்கும்வரை விடுங்கள். சாதாரணப் பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடேறாது. குக்கருக்குள் 120 டிகிரி வரை போகும். அடுப்பை அணைத்த பிறகும் அந்தச் சூட்டிலேயே பருப்பு குழைந்துகொண்டிருக்கும், அந்தப் பத்து நிமிடத்துக்குக் காசு கிடையாது.

படி 2: பருப்பு சூப்

மூடியைத் திறந்ததும் கிழங்கையும் கேரட்டையும் கரண்டியால் அலுங்காமல் எடுத்துத் தட்டில் ஆற வையுங்கள். குக்கரில் மிச்சமிருப்பதை மத்தால் கடையுங்கள். தக்காளியைக் கையாலேயே பிசைந்து அதில் விடுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர், உப்பு, ஒரு ஸ்பூன் மிளகும் அரை ஸ்பூன் சீரகமும் தட்டிப் போட்டு, ஐந்து நிமிடம் கொதிக்கட்டும். மிளகை அப்போதைக்கப்போது தட்டுங்கள். பாக்கெட் மிளகுத்தூளில் காரம் இருக்கும், வாசனை பாதி போயிருக்கும்.

கரண்டியில் மொண்டு ஊற்றிப் பாருங்கள். ரசம் மாதிரி சளசளவென்று விழுந்தால் இன்னும் இரண்டு நிமிடம் வேண்டும். கொஞ்சம் தயங்கி விழுந்தால் சூப் தயார். அடுப்பை அணைத்த பிறகுதான் அரை மூடி எலுமிச்சை பிழிய வேண்டும், கொதிக்கும்போது பிழிந்தால் கசப்பு ஏறும். புளி, பெருங்காயம் போடாதீர்கள். போட்டால் அது ரசம் ஆகிவிடும், ரசம் வேறு சமாச்சாரம்.

படி 3: சான்ட்விச்

முதலில் சட்னி. கொத்தமல்லியைத் தண்டோடு போடுங்கள், தண்டிலும் நல்ல வாசனை உண்டு. 2 பச்சை மிளகாய், பொட்டுக்கடலை, உப்பு, மிச்ச அரை மூடி எலுமிச்சைச் சாறு, இரண்டு ஸ்பூன் தண்ணீர் சேர்த்து அரையுங்கள். மிக்ஸி இல்லாத ரூம் என்றால் பொடியாக நறுக்கி, உப்போடு சேர்த்து டம்ளர் அடியால் நசுக்குங்கள், போதும். சட்னி இட்லிச் சட்னி மாதிரி ஓடக்கூடாது. தண்ணீர் கூடினால் பிரெட் ஊறிப்போய் எடுக்கும்போதே கிழியும்.

ஆறிய கிழங்கையும் கேரட்டையும் மசித்து, பொடியாக நறுக்கிய வெங்காயம், மிச்சமிருக்கும் பச்சை மிளகாய், உப்பு சேருங்கள். வெங்காயத்தை வதக்க வேண்டாம். மெத்தென்ற கிழங்குக்கு நடுவில் அந்தப் பச்சை வெங்காயம் நறநறவென்று கடிபட வேண்டும்.

ஒரு ஸ்லைஸில் சட்னி, அதன் மேல் மசியல், அதன் மேல் இன்னொரு ஸ்லைஸ். மசியலை ஓரம்வரை தடவாமல் ஒரு விரல் இடம் விடுங்கள். தோசைக்கல்லைக் காயவைத்து, தீயை நன்றாகக் குறைத்துவிட்டு, அரை ஸ்பூன் எண்ணெய் தடவி சான்ட்விச்சை வையுங்கள். இப்போது மேலே ஒரு சின்னத் தட்டு, தட்டின் மேல் தண்ணீர் நிரப்பிய சொம்பு. இதுதான் நம் டோஸ்டர். சொம்பின் கனம் பிரெட்டைக் கல்லோடு ஒட்ட அழுத்துவதால், நடுவும் ஓரமும் ஒரே மாதிரி சிவக்கும். இரண்டு நிமிடம் கழித்துத் திருப்பி, மறுபடியும் சொம்பு வைத்து இரண்டு நிமிடம். தீயைக் கூட்டினால் வெளியே கருகி உள்ளே சில்லென்றே இருக்கும். வெந்ததா என்று விரல் நகத்தால் தட்டிப் பாருங்கள், டொக் டொக் என்று சத்தம் வரவேண்டும்.

இரண்டு பேர், ஆளுக்கு ஒன்றரை சான்ட்விச், ஒரு பெரிய கிண்ணம் சூப். கேஸைச் சேர்க்காமல் என் கணக்கில் 50 ரூபாய்க்குள் முடிகிறது.

பிரெட்டை எப்படி வைப்பது

பிரெட்டை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். ஃபிரிட்ஜ் குளிரில் அது வெளியே இருப்பதைவிடச் சீக்கிரம் வறண்டு கெட்டியாகும். ஃபிரீசரில் வைத்தால் பிரச்சினை இல்லை. வெளியே வைத்தால் நம் ஊர் புழுக்கத்தில் மூன்று, நாலு நாளில் பூஞ்சை வந்துவிடும், அதனால் இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்குச் சின்ன பாக்கெட்தான் சரி. ஒரு ஸ்லைஸில் பச்சையாகப் புள்ளி தெரிந்தாலும் அந்த பாக்கெட்டையே தூக்கிப் போடுங்கள். வறண்ட பிரெட் வேறு, அதைத் தூக்கிப் போடக்கூடாது. கல்லில் சூடேறினால் திரும்பவும் இளகும். யாரும் தொடாத முனைத் துண்டுகளைச் சின்னச் சின்னதாக வெட்டி, எண்ணெய் இல்லாமல் கல்லில் முறுகலாக வறுத்து சூப்பில் போடுங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் முழங்காலுக்குத் தண்ணீர், கரண்ட் இல்லை. மிக்ஸியும் ஓடாது, கடையும் திறக்காது. வீட்டில் இருந்தது பருப்பும் பூண்டும் பாதி பாக்கெட் பிரெட்டும்தான். மெழுகுவத்தி வெளிச்சத்தில் இதே சூப்பை வைத்து, வறுத்த பிரெட்டைப் போட்டு, மாடியில் இருந்த பாட்டிக்கும் கொடுத்தோம். அன்றைக்கு அந்தச் சூடு எவ்வளவு பெரிய ஆறுதல் என்று எனக்குத் தெரியும்.

அடுத்தது: அத்தோ கடை வாழைத்தண்டு சூப்

பருப்பு சூப் இரண்டு, மூன்று முறை வைத்துக் கை பழகிவிட்டால் இதற்கு வாருங்கள். பர்மாவில் 1962-ல் ராணுவ ஆட்சி வந்த பிறகு, அந்தப் பத்தாண்டில் அங்கிருந்து திரும்பிய தமிழர்கள் நிறைய பேர் வடசென்னையில், அதிலும் வியாசர்பாடியில் குடியேறினார்கள். அவர்களோடு வந்ததுதான் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ். பர்மா பஜார் பக்கம் பீச் ஸ்டேஷன் எதிரே வண்டியில் நின்று சாப்பிட்டவர்களுக்குத் தெரியும், அத்தோ தட்டோடு ஒரு கிண்ணம் மஞ்சள் சூப்பும் வரும். தீர்ந்தால் “சூப்பு ஊத்தவா பா?” என்று கடைக்காரரே கேட்டு ஊற்றுவார். மொகிங்கா என்கிற பர்மா நூடுல்ஸ் சூப்பில் மீனும் வாழைத்தண்டும் சேரும், நம்மூர் வண்டிகளில் பெரும்பாலும் மீன் இல்லாமல் வைக்கிறார்கள்.

ஒரு சாண் நீள வாழைத்தண்டு போதும். மேல் பட்டையை உரித்து, உள்ளே வெள்ளையாக இருக்கும் தண்டை மெல்லிய வட்டமாக நறுக்குங்கள். ஒவ்வொரு வட்டத்தை வெட்டும்போதும் நார் நூல் நூலாகக் கூடவே வரும். அதை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டே போங்கள், கடைசியில் விரலில் ஒரு பஞ்சு மோதிரம் மாதிரி சேர்ந்திருக்கும். நறுக்கியதை உடனே நீர்மோரில் போட வேண்டும், காற்று பட்டால் கறுத்துவிடும்.

இரண்டு மேசைக்கரண்டி கடலைமாவை வெறும் வாணலியில் சின்னத் தீயில் வாசனை வரும்வரை வறுத்து, ஆறவிட்டு, ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரையுங்கள். முதல் முறை நான் மாவை அப்படியே கொதிக்கும் தண்ணீரில் கொட்டிவிட்டேன். வெந்நீர் பட்டதும் மாவின் வெளிப்பக்கம் வெந்து மூடிக்கொள்ளும், உள்ளே காய்ந்த மாவு உருண்டையாக நிற்கும். அப்புறம் எவ்வளவு கிண்டினாலும் கரையாது. அதனால் பச்சைத் தண்ணீர்தான்.

எண்ணெயில் ஒரு வெங்காயத்தைப் பொன்னிறமாக வறுத்து பாதியைத் தனியே எடுத்து வையுங்கள். மிச்சத்தோடு தட்டிய இஞ்சி பூண்டு, மஞ்சள்தூள், அரை ஸ்பூன் மிளகாய்த்தூள், மோர் வடித்த தண்டு சேர்த்து வதக்கி, 3 டம்ளர் தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டு, தண்டு மெத்தென்று ஆகும்வரை ஒரு 15 நிமிடம் வேக விடுங்கள். பிறகு கடலைமாவுக் கரைசலைக் கிண்டிக்கொண்டே ஊற்றி, சின்னத் தீயில் பத்து நிமிடம். பச்சை மாவு வாசனை போனதும் மிளகு தட்டிப் போட்டு இறக்குங்கள். கிண்ணத்தில் ஊற்றிய பிறகு எலுமிச்சை, கொத்தமல்லி, எடுத்து வைத்த வெங்காயம், நொறுக்கிய தட்டை ஒன்று. ஆளுக்கு ஓர் அவித்த முட்டையைப் பிளந்து போட்டால் அதுவே ராத்திரி சாப்பாடு.

தட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. சௌகார்பேட்டை மின்ட் தெருவில் பிரெட்டுக்குப் பதிலாக முறுக்கை வைத்து சான்ட்விச் செய்வார்கள். இரண்டு சப்பையான முறுக்குக்கு நடுவில் மேலே சொன்ன அதே பச்சைச் சட்னி, வெள்ளரிக்காய், தக்காளி, வெங்காயம். பிரெட் தீர்ந்துபோன அன்றைக்கு மளிகைக் கடையில் முறுக்கு வாங்கி இதைச் செய்யலாம், அடுப்பே வேண்டாம். செய்தவுடன் சாப்பிட வேண்டும், ஐந்து நிமிடம் விட்டால் முறுக்கு நமத்துவிடும்.

வாழைத்தண்டு சூப் மிச்சமானால் நன்றாக ஆறியதும் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். ஃபிரிட்ஜ் இல்லை என்றால் அன்றைக்கே குடித்து முடித்துவிடுவதுதான் நல்லது. காலையில் எடுத்துப் பார்த்தால் களி மாதிரி இறுகியிருக்கும், கெட்டுப்போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம், கடலைமாவு ஆறினால் அப்படித்தான். அரை டம்ளர் வெந்நீர் விட்டுக் கலந்து ஒரு கொதி விடுங்கள், உப்பு மட்டும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.